பரோடாப் பத்திரம்

தோட்டப்புறத்துப் பிள்ளைகள் சர்வகலாசாலை வாயிலை மிதிக்கத் தொடங்கிய பின் நம்மவரிடையே ஒரு புது வினா பிறந்திருக்கிறது. முதற்பட்டத்திற்குக் கடன் வாங்கிப் படித்த பிள்ளை, தன் திறத்தால் மேற்பட்டத்திற்கு உபகாரச் சம்பளம் பெறுகிறான். மாதந்தோறும் கைக்கு வரும் அப்பணத்தில் ஒரு பங்கைப் பழைய கடனுக்குக் கட்டலாமா, கூடாதா? படிக்கக் கொடுத்த பணத்தைக் கடனுக்குத் திருப்புவது கொடுத்தவனை ஏய்ப்பதாகும் என்பார் சிலர். அந்தக் கடனும் படிக்க வாங்கியதுதானே, குடித்துக் கெட்டதா என்பார் வேறு சிலர். இரு சாராரும் உரக்கப் பேசுகின்றனர். தோட்ட ஆபீசில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எமக்கோ இவ்வினாவின் அடியில் வேறொரு வினா கிடப்பதாகத் தோன்றுகிறது. உபகாரம் என்பது யாது? கடன் என்பது யாது? இரண்டையும் பிரிக்கும் கோட்டைப் போடுபவர் யார்?

இதை வெறும் வாதத்தால் தீர்க்க முடியாது. நடந்த கதை ஒன்றைக் கொண்டு பார்ப்பதே முறை. யாம் எடுத்துக்கொண்டது டாக்டர் அம்பேத்கர் அவர்களின் மாணவப் பருவம். அவருடைய அரசியலை அறிந்தோர் பலர். அவர் படித்த பணத்தின் வரவு செலவை அறிந்தோர் சிலரே.

பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் அவர் படித்தபோதே பரோடா சம்ஸ்தானத்து மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட், மாதம் 25 ரூபாய் உதவி வந்தார். அவ்வரசரைப் பற்றி இரண்டு சொல் சொல்லியாக வேண்டும். தம் நாட்டில் ஆரம்பக் கல்வியை 1906இல் கட்டாயமாக்கியவர். தீண்டாதார் எனப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வைத்தவர். ஊர்தோறும் புத்தகசாலை பரப்பியவர். கொடுக்கும் மனம் அவருக்கு மெய்யாகவே இருந்தது. பின்னால் நிகழ்ந்தவற்றை அவர் தலையில் சுமத்துவது நியாயமன்று.

1913ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் காலமானார். வீட்டில் பெருங்குடும்பம், வருமானமோ இல்லை. அவ்வேளையில், திறமுள்ள மாணாக்கர் சிலரை அமெரிக்காவிற்கு அனுப்பிப் படிப்பிக்க மகாராஜா எண்ணினார். ஜூன் 4ஆம் நாள் பரோடாவின் கல்வி அதிகாரி முன்னிலையில் 22 வயது அம்பேத்கர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். குறித்த பாடங்களையே படிக்க வேண்டும். படித்து முடித்தபின் பத்தாண்டுக் காலம் பரோடா சம்ஸ்தானத்தில் ஊழியம் புரிய வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு மூன்றாண்டு காலம் மாதம் பதினொன்றரைப் பவுன் உபகாரச் சம்பளம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதினொன்றரைப் பவுன் வீதம் 36 மாதத்திற்கு 414 பவுன். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆக 6,210 ரூபாய். மாதக் கணக்கில் 172 ரூபாய் 8 அணா. 36 மாதப் பணத்துக்கு 120 மாத ஊழியம். இந்த விகிதத்தைப் படிக்கும்போது எமக்குப் பழைய தோட்டக் கணக்குகள் நினைவிற்கு வருகின்றன. நம் பாட்டன்மாரை இந்நாட்டிற்குக் கொணர்ந்த ஒப்பந்தக் கூலிமுறையை முதியோர் 'சஞ்சி' என்பர். கப்பற் கூலியும் முன்பணமும் கொடுத்தோம் என்று சொல்லி, அதைக் கூலியிற் பிடித்து, ஆண்டுக் கணக்கில் ஆளைக் கட்டிப்போட்ட முறை அது. மலாயாவில் அது 1910இல் நிறுத்தப்பட்டது. பரோடாவின் பத்திரமும் சஞ்சிப் பத்திரமும் ஒன்றென்று யாம் சொல்லவில்லை. ஒன்று மனிதனை மேலே தூக்கிற்று, மற்றது அமிழ்த்திற்று. ஆயினும் இரண்டிலும் முதலில் பணம் வருகிறது. பின்னர் வாழ்நாளில் ஒரு துண்டு அடைமானமாகப் போகிறது.

1913 ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க் சேர்ந்தார். கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரத்தை முதன்மையாகக் கொண்டு, சரித்திரம், சமூகவியல், தத்துவம் எனப் பலவும் பயின்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம் இந்தியாவின் சாதிகள் பற்றிய தம் ஆராய்ச்சிக் கட்டுரையை அறிஞர் குழுவின் முன் வாசித்தார். பட்டங்கள் இருக்கட்டும். பதினொன்றரைப் பவுன் எவ்வாறு செலவாயிற்று என்பதே எம் கவலை. அதில் ஒரு பங்கு பம்பாயில் மனைவி ரமாபாயின் அடுப்பிற்குப் போயிற்று. இன்னொரு பங்கு பழைய புத்தகக் கடைகளுக்குப் போயிற்று. ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்கள் அங்கு அவர் வாங்கியதாகச் சொல்வர். மிச்சம் எங்கிருந்து வந்தது? வயிற்றிலிருந்து வந்தது. நாடகக் கொட்டகையையும் உல்லாசத்தையும் விட்டார், உணவையும் சுருக்கினார்.

இப்போது முதல் வினாவிற்கு ஒரு பாதி விடை கிடைக்கிறது. படிக்கக் கொடுத்த பணத்தை வீட்டுக்கு அனுப்பினாரே, அது ஏய்ப்பா? கொடுத்தவர் கேட்டது படிப்பு. படிப்பு குறைவின்றி நடந்தது. தான் உண்ணாது மிச்சம் பிடித்த பணம் மாணவனுடையது. அதைக் கொண்டு அவன் தாய்க்கு அரிசி வாங்கினாலும், பழைய கடனைத் தீர்த்தாலும், கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை என்பதே எம் கருத்து. கல்லூரிக் கட்டணத்திற்கென்றே வந்த தொகையைத் தொடுவது வேறு சங்கதி; அதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

1916இல் லண்டன் சென்று பொருளாதாரக் கலாசாலையிலும் கிரேஸ் இன் எனும் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். அங்கு வேலை பாதியில் இருக்கும்போதே உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தது. பத்திரப்படி ஊழியத்திற்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நான்காண்டுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாம் என்று சர்வகலாசாலையில் அனுமதி பெற்றுக்கொண்டு 1917 ஆகஸ்டில் பம்பாய் வந்திறங்கினார். அது முதல் உலக யுத்த காலம். அவருடைய பெட்டிகளும் நூல்களும் ஏறிய கப்பலைப் பகைவர் கடலில் மூழ்கடித்தனர். வயிற்றைக் கட்டி வாங்கிய நூல்களிற் பல மீன்களுக்குப் போயின. மூழ்கிய சாமான்களுக்கு நஷ்ட ஈடாகப் பிரயாணக் கம்பெனியார் கொடுத்த பணத்தில்தான் அவர் பரோடாவிற்கு ரயில் ஏறினார் என்றால் அவர் நிலைமை விளங்கும். தம் கடமையைச் செலுத்தப் போவதற்கே அவரிடம் வண்டிச் சத்தமில்லை.

பரோடாவில் நிகழ்ந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரயிலடியில் அவரை எதிர்கொள்ள ஆள் அனுப்புமாறு மகாராஜா சொல்லியிருந்தார், ஒருவரும் வரவில்லை. அவரை நாளடைவில் நிதி மந்திரியாக்க வேண்டும் என்பது மகாராஜாவின் எண்ணம். ஆனால் அமெரிக்காவில் எம்.ஏ. படித்தவரின் மேசையில், சேவகர்கள் தொட்டால் தீட்டென்று காகிதக் கட்டுகளைத் தூரநின்று எறிந்தனர். ஆபீசில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஊரில் இந்து விடுதி எதிலும் இடமில்லை. கடைசியாக ஒரு பார்சி சத்திரத்தில், பார்சிப் பெயரொன்றைச் சொல்லி, நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். மேல்மாடியில் ஆளரவம் இல்லை, நல்ல விளக்கில்லை. ஐந்து கண்டத்துப் பொருளாதாரத்தையும் படித்தவர் தாம் தூங்குவதற்குப் பெயரை மறைக்க வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் காலை பார்சிகள் ஒரு கூட்டமாகக் கழிகளோடு வந்து, சத்திரத்தைத் தீட்டுப்படுத்தினாய் என்று கத்தினர். மாலைக்குள் வெளியேறாவிட்டால் நடப்பதைப் பார் என்று மிரட்டிப் போயினர். அரசாங்கத்து வீடொன்று தருமாறு முன்னமே கேட்டிருந்தார். மந்திரியோ நாள் கடத்திக்கொண்டிருந்தார். நண்பர் இருவரிடம் சென்றார். ஒருவர் இந்து, நீ வந்தால் என் வேலைக்காரர் ஓடிவிடுவர் என்றார். மற்றவர் கிறிஸ்தவர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அக்கணவனும் மனைவியும் பிராமணராயிருந்து மதம் மாறியவர்கள். மதம் மாறினும் மனம் மாறவில்லை. அம்பேத்கர் ஒரு பொதுத் தோட்டத்திற்குச் சென்று, இரவு வண்டி புறப்படும் நேரம்வரை அங்கே உட்கார்ந்திருந்தார். பிற்காலத்தில் அந்நாளைக் குறித்து அவரே எழுதியபோது, கண்ணீர் வராமல் அதை நினைத்ததே இல்லை என்ற கருத்துப்பட எழுதினார். 1917 நவம்பரில் பம்பாய் திரும்பிவிட்டார்.

நேயர்களே, பத்திரத்தை மீறியவர் யார்? பத்தாண்டு ஊழியம் செய்வேன் என்று எழுதிக்கொடுத்தவர் ஊழியத்திற்கு வந்தார். ஊழியம் வாங்கிக்கொள்வேன் என்ற சம்ஸ்தானம், அவர் இரவில் தலைசாய்க்க ஒரு திண்ணை காட்டவில்லை. பத்திரம் எழுதியவர்கள் பாடங்களைக் குறித்தார்கள், மாதத் தொகையைக் குறித்தார்கள், ஆண்டுகளைக் குறித்தார்கள். சாதியைக் குறிக்க மறந்தார்கள். அம்பேத்கர் வாங்கிய கடனை அடைக்க முன்வந்தார். சாதி அவரை அடைக்கவிடவில்லை. ஆனால் பேரேட்டில் இதற்குப் பத்தி இல்லை. அங்கே 'பெற்றது இவ்வளவு, செலுத்தியது இல்லை' என்று மட்டுமே எழுத முடியும். பின்னாளில் பரோடா ஆபீசார் செலவிட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதலாயினர். உபகாரமென்று வந்தது கடனாய்ப் போயிற்று. அவர் மீண்டும் சீமைக்குப் போய்ப் பட்டங்களோடு திரும்பிப் பம்பாயில் வக்கீலாய் அமர்ந்த பின்பும் அக்கணக்கு அவரைத் தொடர்ந்தது.

பம்பாயில் அவர் பட்டபாடு வேறு கதை, சுருக்கிச் சொல்வோம். இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பங்குப் பத்திர வியாபாரிகளுக்கு யோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். இன்ன சாதி என்று தெரிந்ததும் ஆட்கள் வருவது நின்றது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதம் 450 ரூபாய். அந்தச் சம்பளத்திலும் சிறிய இருப்பிடத்தில் குடும்பத்தோடு இருந்து மிச்சம் பிடித்தார். லண்டன் கொடுத்த நான்காண்டு தவணை ஓடிக்கொண்டிருந்தது அல்லவா?

இம்முறை அவர் எந்தச் சம்ஸ்தானத்தோடும் ஊழியப் பத்திரம் எழுதவில்லை. தம் சேமிப்பு, கொல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் சிறு உதவி, நண்பர் நவல் பாத்தேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடன், இம்மூன்றையும் கூட்டிக்கொண்டு 1920 ஜூலையில் லண்டனுக்குக் கப்பலேறினார். பாத்தேனா ஒரு பார்சி. கொலம்பியாவில் உடன் பயின்றவர். சத்திரத்திலிருந்து கழியோடு விரட்டியவரும் பார்சிகள். கேட்டபோதெல்லாம் கொடுத்தவரும் பார்சி. ஒரு சமூகத்தாரை ஒரே மூட்டையாய்க் கட்டித் தூக்கும் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இவ்விடத்தில் ஒரு சங்கதி. அவர் கடன் வாங்கியது ரூபாயில், செலவழித்தது பவுனில். 1920இல் சர்க்கார் ரூபாயின் மதிப்பை இரண்டு ஷில்லிங்காக நிறுத்தப் பார்த்தது, நிற்கவில்லை. 1921இல் அது பழைய ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் அளவிற்கும் கீழே போயிற்று. ரூபாய் இறங்க இறங்க, அதே நூறு ரூபாய்க்கு லண்டனில் கிடைக்கும் ரொட்டி சிறுத்துக்கொண்டே போகும். காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பை மாட்டுச்சாறு. இரவில் பசித்தால் ஊரிலிருந்து வந்த அப்பளம். புத்தகசாலை திறக்குமுன் வாயிலில் நின்று, மூடும்போது கடைசியாக வெளியேறினார். அந்த வயிற்றோடு அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள் யாது தெரியுமா? 'ரூபாயின் பிரச்சினை'! கடன்பட்டவனுக்கே நாணய மாற்றின் கூர்மை முதலில் தைக்கும் போலும்.

1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். டி.எஸ்ஸி. பட்டத்திற்கு எழுதிய நூலில் ஆங்கில ஆட்சியின் நாணயக் கொள்கையைச் சாடியது கடுமையாயிருந்ததால், பரீட்சகர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். திருத்திக்கொண்டு லண்டனிலேயே இருக்கப் பணமில்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்து எழுதியனுப்பிப் பட்டம் பெற்றார். வக்கீல் தொழில் நடத்தச் சன்னது வாங்கும் பணத்திற்கும் பாத்தேனாவே உதவ வேண்டியிருந்தது.

இரண்டு கடனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாத்தேனாவின் பணத்திற்குக் கடன் என்றே பெயர். அது அவர் கழுத்தில் கயிறாகவில்லை. பரோடாவின் பணத்திற்கு உபகாரம் என்று பெயர். அதுதான் பின்னால் துரத்திற்று. ஆகவே, சீட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை நம்புவதில் பயனில்லை. நிபந்தனையையே படிக்க வேண்டும். பிள்ளைகள் கையெழுத்திடும்போது உடன்போகும் பெற்றோரும் அதைப் படித்துச் சொல்லக் கேட்க வேண்டும்.

பெயரும் பொருளும் மாறி நின்றதற்கு வேறு சான்றுகளும் உண்டு. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இல் ஏற்படுத்திய கல்வி நிதி, சீமைக்குப் போகும் மாணவர்க்குக் கடனாகவே பணம் கொடுத்தது. திருப்பிக் கட்டும் பணம் அடுத்த மாணவனுக்குப் போகும். முதன்முதல் பெற்றவர்களுள் மருத்துவம் பயிலச் சென்ற பெண்மணிகள் இருந்தனர். திருவாங்கூரில் ஓர் ஓலைக்குடிசையில் தீண்டாதார் எனப்பட்ட குலத்திற் பிறந்த கே. ஆர். நாராயணன், 1945இல் அந்நிதியின் உதவியால் லண்டன் பொருளாதாரக் கலாசாலைக்குச் சென்றார். அவரே 1997இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். கடன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பத்தாண்டு எங்களுக்கு உழை என்று சொல்லவில்லை.

நம் தமிழ்நாட்டுக் கணித மேதை இராமானுஜன் கதையையும் சொல்லலாம். அவரை இங்கிலாந்திற்கு அனுப்பியபோது சென்னைச் சர்வகலாசாலை ஆண்டிற்கு 250 பவுன் கொடுத்தது. அதில் ஒரு பங்கு கும்பகோணத்துக் குடும்பத்திற்குப் போயிற்று. பின்னர் அதே அளவு உதவித் தொகையை மேலும் சில ஆண்டுகளுக்கு அளிக்க முன்வந்தபோது, நோயில் மெலிந்திருந்த அவர் 1919 ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினார். தம் செலவு போகப் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கும்பகோணம் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தை இழந்து படிப்பு முறிந்தவர் அவர். பள்ளிச் சம்பளம் என்பது இன்னதென்று அவருக்குத் தெரியும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் 1997இல் சட்டம் இயற்றி உயர்கல்விக் கடன் நிதிக் கழகம் நிறுவப்பட்டது. பி.டி.பி.டி.என். என்றால் தோட்டத்துச் சிறுவனுக்கும் தெரியும். கட்டாதவர் கடல் கடக்கக் கூடாதென்று குடிநுழைவு இலாகாவில் பெயர்களைப் பதித்து வைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. 2018இல் அது எடுக்கப்பட்டது. முதல் வகுப்பிற் சிறப்பாகத் தேறினோரின் கடனை, நிபந்தனைகளோடு, உபகாரச் சம்பளமாகவே மாற்றிக்கொடுக்கும் விதியும் வந்தது. இதைக் கவனியுங்கள்! பரோடாவில் உபகாரம் கடனாயிற்று. இங்கே கடன் உபகாரமாகிறது. பணம் அதே பணம். பேரேட்டின் தலைப்பு மாறுகிறது. தலைப்பை மாற்றும் பேனா எப்போதும் கொடுத்தவர் கையில்தான் இருக்கிறது. படித்தவன் கையில் இல்லை.

ஆகையால், மேற்படிப்பின் உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய கடனைத் தீர்க்கும் பிள்ளையை யாம் குறை சொல்ல மாட்டோம். கொடுத்தவர் பத்திரத்தில் அதற்குத் தடை உண்டா என்று பார்த்துக்கொள்ளட்டும். தடையில்லையேல் தவணையைக் கட்டட்டும். ஆனால் புத்தகத்தை விற்றும் உடம்பை வாட்டியும் முழுக்கடனையும் ஓராண்டில் முடிக்க முனைய வேண்டாம். கடனை விரைந்து அடைத்துவிட்டுப் படிப்பை அரைகுறையாய் விட்டவனுக்குப் பேரேடு சுத்தமாயிருக்கும். அதனால் அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை.

பரோடாவில் தோட்டத்து நிழலில் உட்கார்ந்திருந்தவர், 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் அங்கத்தினரானார். அவ்வாண்டு அக்டோபரில், தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் குறைகளை வரிசைப்படுத்தி லின்லித்கோ பிரபுவிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அவ்வகுப்புப் பிள்ளைகள் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பயில, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சர்க்கார் செலவில் படிக்க வேண்டுமென்று அதிற் கேட்டிருந்தார். 1944 முதல், பள்ளியிறுதி தேறிய பின் மேலே படிக்கும் அப்பிள்ளைகளுக்கு இந்திய சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிற்று. ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை மூன்று லட்சம் ரூபாய்.